தென்காசி என்று பொறித்த மணி

காசி யாத்திரை என்பது ஒரு காலத்தில் திரும்பி வருவோம் என்ற உறுதியில்லாத பயணம். புறப்படும் முன்னரே சொத்துக்கு ஏற்பாடு செய்து, சுற்றத்தாரிடம் விடைபெற்றுக்கொண்டு செல்வது வழக்கம். வழியிலேயே உயிர் துறந்தோர் பலர். அவ்வாறு தன்னை வந்தடையாமல் மாண்ட அடியவர்களுக்காக இரங்கிய விசுவநாதப் பெருமான், பாண்டிய மன்னன் பராக்கிரம பாண்டியனின் கனவில் தோன்றி, எறும்புகள் ஊர்ந்து செல்லும் சாரையைப் பின்தொடர்ந்து போ, அது முடியும் இடத்தில் எனக்குக் கோயில் எழுப்பு என்று பணித்ததாகத் தலபுராணம் கூறும். மன்னன் சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்தில் இறைவனைக் கண்டான். 1446-ஆம் ஆண்டு திருப்பணி தொடங்கிற்று. அந்த ஊரே தென்காசி.

வெகுதொலைவில் இருப்பதை நாடிச் செல்ல இயலாதபோது, அதனை அருகே கொணர்ந்து அமைத்துக்கொள்வது என்ற எண்ணத்தின்மேல் எழுந்த ஊர் இது. கடல் கடந்து போனவர்களும் அதையே செய்தார்கள். சிங்கப்பூரில் 1827-இல் மாரியம்மனுக்குக் கோயில் அமைந்தது. கோலாலம்பூரில் 1873-இல் மகா மாரியம்மன் எழுந்தருளினாள். இரப்பர்த் தோட்டங்கள் தோறும், இருபது குடும்பங்கள் சேர்ந்த இடத்தில் எல்லாம், ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரு திரிசூலமும் தோன்றின. ஊரைக் கொண்டுபோக முடியாதவர்கள் தெய்வத்தைக் கொண்டு போனார்கள்.

ஆனால், உறவை அவ்வாறு கொண்டுபோக முடியுமா? தென்காசிக் குடும்பம் ஒன்றின் அனுபவம் இவ்வினாவுக்கு விடையாக அமைகிறது.

எழுதப்படாத ஒரு பெயர்

அக்குடும்பத்தின் தலைவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2019-ஆம் ஆண்டில் அவருக்கு வயது எழுபத்து நான்கு. கோயிலுக்கு அருகிலேயே வீடு. காலையில் உலகம்மனையும் காசி விசுவநாதரையும் தரிசித்த பிறகே காப்பி என்பது அவருடைய நியமம்.

அவருடைய தந்தையாருக்கு ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பி 1934-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போனார். நாலெழுத்துப் படித்திருந்தபடியால் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை கிடைத்தது. தோட்டத்துக் கணக்கு எழுதும் எழுத்தரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். அங்கேயே திருமணம் நடந்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அதற்கு முந்தைய மாதம் எழுதிய கடிதமே கடைசி.

போர் முடிந்தது, கடிதம் வரவில்லை. விசாரித்து எழுதியவற்றுக்குப் பதிலும் இல்லை. ஆண்டுகள் உருண்டன. ஆனால் அண்ணன் மட்டும் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் குற்றாலப் பேரருவியில் நீராடி, முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பார். தம்பியின் பெயரைச் சொல்ல மாட்டார். புரோகிதர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "அவன் வருவான். உயிரோடு இருக்கிறவனுக்கு எள் இறைக்கச் சொல்கிறீரா?" என்று எழுந்து போய்விட்டாராம். 1979-இல் அவர் காலமானார். அதன்பின் அமாவாசைக் கடன் மகனான ஆசிரியரிடம் வந்தது. தந்தை சொல்லாத பெயரைத் தானும் சொல்ல அவருக்கு மனம் துணியவில்லை. சித்தப்பாவுக்கு நூறு வயது தாண்டிய பிறகும் அந்தப் பெயர் இரு பட்டியலிலும் இல்லாமலே இருந்தது. வாழ்ந்தவர்களோடும் சேரவில்லை, மறைந்தவர்களோடும் சேரவில்லை.

மணி காட்டிய வழி

கோயில்களில் உபயதாரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து வைப்பதைப் பலர் கேலி செய்வது உண்டு. குழல் விளக்கில் பெரிதாகப் பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறார்கள் என்பார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருக்கலாம். ஆனால் அப்படிப் பொறித்த ஒரு பெயர்தான் இந்தக் குடும்பத்துக்கு வழிகாட்டிற்று.

ஆசிரியரின் மகன் பெங்களூரில் பணிபுரிபவர். 2018-இல் அலுவல் நிமித்தமாகக் கோலாலம்பூரில் மூன்று மாதம் தங்க நேர்ந்தது. புறப்படும்போது தந்தையார் பழைய தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கடைசிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் தோட்டத்தின் பெயரும், சுங்கை சிப்புட் என்ற ஊர்ப் பெயரும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே போனார். தோட்டம் இல்லை. பால்மரங்கள் நின்ற இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் சற்றுத் தள்ளி, புதிய கட்டடத்தில் இருந்தது. பழைய கோயிலிலிருந்து கொண்டு வந்த சூலமும் மணியும் அப்படியே இருப்பதாக அர்ச்சகர் சொன்னார். அந்த வெண்கல மணியின் விளிம்பில், தேய்ந்த எழுத்தில், சித்தப்பாவின் பெயரும், அதன் கீழே 'தென்காசி' என்ற ஊரும், 1940 என்ற ஆண்டும் பொறித்திருந்தன.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. அர்ச்சகர் பழைய தோட்டத்து முதியவர் ஒருவரை அழைத்தார். அவர் இன்னொருவரைக் காட்டினார். மாலைக்குள், "கிராணியார் மகள் ஈப்போவில் மகனோடு இருக்கிறார்கள்" என்ற செய்தி கிடைத்துவிட்டது.

அக்காவின் வீடு

2019 தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்னதாக ஆசிரியரும் அவர் மனைவியும், மகன், மருமகள், பேத்தியுடன் திருச்சியிலிருந்து விமானம் ஏறினார்கள். நான்கு மணி நேரப் பயணம். சித்தப்பா கப்பலில் நாள்கணக்காகக் கடந்த கடலை ஓர் உறக்கத்தில் கடந்துவிட்டோமே என்று ஆசிரியர் வியந்தார்.

பெரியவரின் பையில் கோயில் விபூதி, குங்குமம், மூன்று பொருள்கள் கொண்ட ஒரு சிறு துணிப்பை ஆகியவை இருந்தன. அல்வாவும் முறுக்கும் வீட்டம்மாவின் பொறுப்பு. துணிப்பையில் இருந்தவை, கடைசிக் கடிதம், ஒரு புகைப்படம், ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். அந்த நோட்டில் தம் குடும்பத்தின் ஐந்து தலைமுறைப் பெயர்களையும், பெண் கொடுத்த, பெண் எடுத்த ஊர்களையும், முன்னோர் திதிகளையும், குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குச் செல்லும் வழியையும் அவர் எழுதி வைத்திருந்தார்.

ஈப்போ வீட்டு வாசலில் எண்பத்தோரு வயது அம்மையார் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முழங்கால் வலியால் எழ முடியவில்லை. ஆசிரியரை ஏற இறங்கப் பார்த்தவர் கேட்ட முதல் சொல், "பசியாறியாச்சா தம்பி?" என்பதே. "பசி இல்லை அக்கா" என்றார் ஆசிரியர். வீட்டார் சிரித்தார்கள். காலைச் சிற்றுண்டி உண்பதை மலேசியத் தமிழர்கள் பசியாறுதல் என்று சொல்வார்கள் என்பது பிறகுதான் விளங்கிற்று. எவ்வளவு அழகான சொல்லை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் தமிழாசிரியர் பிறகு பலரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

மறுநாள் மதியம் இலையில் சொதி பரிமாறினார்கள். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த, நெல்லைச் சீமைக்கே உரிய அந்தக் குழம்பு. பக்கத்தில் இஞ்சித் துவையல். "மதினி, இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆசிரியரின் மனைவி கேட்டார். "அம்மா செய்வாங்க. அப்பாவுக்குப் பிடிக்கும்னு அம்மாவுக்கு அப்பாவே சொல்லிக் கொடுத்ததாம்" என்று பதில் வந்தது. எந்த ஆவணமும் இதைவிட உறுதியாக உறவை மெய்ப்பித்திருக்காது.

அன்று மாலைதான் ஆசிரியர் துணிப்பையைத் திறந்தார். புகைப்படத்தை அக்காவின் கையில் கொடுத்தார். 1934-இல் கப்பல் ஏறுவதற்குச் சில நாள்களுக்கு முன் திருநெல்வேலியில் எடுத்தது. அண்ணன் நாற்காலியில் அமர்ந்திருக்க, தம்பி தோள்மேல் கை வைத்து நிற்கிறார்.

அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. அவருடைய தந்தையை அவர் கடைசியாகப் பார்த்தது ஐந்து வயதில். ஜப்பான் காலத்தில் வீட்டில் இருந்தவை எல்லாம் அழிந்தன. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. முகம் நினைவில் கலைந்துபோய், கடைசியில் வெள்ளை வேட்டியும் கணக்குப் புத்தகமுமே எஞ்சின. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தந்தையின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தம் மகனை நிமிர்ந்து பார்த்து, "உன் மூக்குடா" என்றார்.

தெரியாதிருந்த செய்தி

பிறகு அவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். 1943-இல் ஜப்பானியர் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்குப் பிடித்துச் சென்றார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை வேலைக்காக. மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காட்டிலும் மழையிலும், பசியாலும் நோயாலும் மாண்ட அந்தப் பாதையை மரண ரயில் என்றே மக்கள் அழைத்தார்கள். போர்க் கைதிகளாக இருந்த வெள்ளையர்களுக்குக் கல்லறைகள் உண்டு, பெயர்கள் உண்டு. தோட்டத்து மக்களில் பெரும்பாலோர்க்கு இரண்டும் இல்லை.

போர் முடிந்தபின் திரும்பி வந்த ஒருவர் கிராணியாரின் மனைவியிடம் செய்தி சொன்னாராம். இடைவிடாத மழையின் நடுவே, வாந்திபேதி கண்டு, ஆடி மாதத்தில் போய்விட்டார். நாள் தெரியாது. ஆடி என்பது மட்டும் நிச்சயம். அன்றிலிருந்து அந்த அம்மையார் ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் விரதம் இருந்து, காக்கைக்குச் சோறு வைத்து வந்தார். மகளும் அதைத் தொடர்ந்தார். ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாது. முகவரி எழுதிய தாள்களும் அழிந்துவிட்டன. தென்காசி என்ற பெயர் மட்டும் தெரியும்.

ஆசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கடல் தாண்டி ஒரு பெண் எழுபது ஆண்டுகளாக ஆற்றி வந்த கடனைக் குற்றாலத்தில் அண்ணன் செய்ய மறுத்தது, இங்கே அன்பில்லாமையால் அன்று, அன்பு மிகுந்ததால். அதைச் சொன்னபோது அக்கா, "பெரியப்பா அவ்வளவு நாள் காத்திருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். தம்மை ஊரில் எவரும் தேடவில்லை என்று எண்ணியே வளர்ந்தவர் அவர்.

அதன்பின் அவருடைய மகன் தயக்கத்தோடு ஒன்று கேட்டார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். "மாமா, எங்களுக்குக் குலதெய்வம் எது என்று தெரியாது. பிள்ளைக்கு முடி இறக்கும்போது எல்லாரும் கேட்டார்கள். பத்துமலைக்கு வேண்டிக்கொண்டோம். ஆனால் தாத்தா வழியில் எங்கள் தெய்வம் எது?" நெல்லை, தென்காசிப் பகுதியில் குலதெய்வ சாஸ்தாவை அறியாதவர் அரிது. பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் குடும்பத்தோடு தம் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள். பெண்வழிப் பேரனானாலும் தாத்தா கும்பிட்ட தெய்வத்தை அறிய அவர் விரும்பினார். ஆசிரியர் நோட்டைத் திறந்து, மலையடிவாரத்துக் கோயிலின் பெயரையும் வழியையும் காட்டினார். ஒரு வீட்டில் இல்லாதது மற்றொரு வீட்டில் இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளாக இரு பாதிகளாகக் கிடந்த கணக்கு அன்று மாலை ஒன்றாகச் சேர்ந்தது.

தைப்பூசத்தன்று எல்லோரும் ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலில் பால்குடங்களைத் தரிசித்தார்கள். பிறகு பத்துமலைக்கும் போனார்கள். 140 அடி முருகனைக் கண்டு பேத்தி வியந்தாள். 272 படிகளில் ஆசிரியர் பாதியோடு அமர்ந்து, அங்கிருந்தே கைகூப்பினார்.

குற்றாலத்தில் ஆடி அமாவாசை

அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு ஈப்போவிலிருந்து அக்காவின் மகனும் மருமகளும் பேத்தியும் வந்தார்கள். அக்கா வரவில்லை. பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "எனக்குப் பதிலாக நீ போய்த் தண்ணீரில் கால் நனை" என்று மகனை அனுப்பினார்.

சாரல் காலம். மேற்கு மலையில் மேகம் இறங்கி நின்றது. பேரருவியில் முண்டியடித்து நீராடி, கரையில் அமர்ந்தார்கள். தாய்வழிப் பாட்டனாருக்குப் பெயரன் எள்ளும் நீரும் இறைக்கலாம். மகளின் மகனுக்கு அந்த உரிமை உண்டு. தந்தையின் உடன்பிறந்தாருக்கும் காருண்ய பித்ருக்கள் என்ற முறையில் தர்ப்பணம் செய்யலாம். ஆதலால் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். புரோகிதர் பெயரைக் கேட்டார். ஆசிரியர் வாய் திறக்கவில்லை, மருமகனைப் பார்த்தார். அவர் சொன்னார். குற்றாலக் கரையில் அந்தப் பெயர் தர்ப்பணத்தில் ஒலித்தது அதுவே முதல் முறை.

பிறகு சங்கு வடிவில் அமைந்த கோயிலில் குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் வணங்கினார்கள். தல விருட்சமான குறும்பலாவை வலம் வந்தார்கள். ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையில், ஓவியமாகவே ஆடும் நடராசரைக் கண்டு ஈப்போப் பேத்தி, "இங்கே சாமி வரைந்த படமா?" என்று வியந்தாள். மறுநாள் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தார்கள்.

புறப்படும் நாளில் தென்காசிக் கோபுரத்தின் கீழ் நின்றார்கள். ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடி உயர்ந்து நிற்கும் இக்கோபுரம் நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்றது; சித்தப்பா கண்டது அதைத்தான். திருப்பணி நிறைவேறிக் குடமுழுக்கு நடந்தது 1990-இல். இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இது பழுதுபட்டால் அதைச் சீர் செய்வோரின் அடிகளைத் தான் இப்போதே பணிவதாகக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். பிறக்கப் போகிறவர்களை எண்ணி ஒரு மன்னன் தலை தாழ்த்துகிறான். தனக்குப் பின்னால் வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்ற நம்பிக்கை அது. தோட்டத்துக் கிராணியார் மணியில் ஊர்ப் பெயரைப் பொறித்ததும் அத்தகையதே.

ஒரு செப்புச் சொம்பில் அருவி நீரை நிரப்பி, வாயை ஈயம் வைத்து அடைத்து, பெட்டியில் பத்திரப்படுத்திக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் கழித்து அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. பாதி நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாராம். மீதி பூசை அறையில், தந்தையின் படத்தின் முன்னால் இருக்கிறதாம்.

நாம் எழுத வேண்டியது

இன்று நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் யாராவது ஒருவர் கடல் கடந்து வாழ்கிறார். விடுமுறைக்குச் சென்று வருகிறோம். ஊர் சுற்றிப் பார்க்கிறோம். அல்வாவும் ஊறுகாயும் கொண்டு போகிறோம். வாசனைப் பொருள்களும் சாக்லெட்டும் கொண்டு வருகிறோம். அதெல்லாம் இருக்கட்டும். அதனோடு ஒரு நோட்டுப் புத்தகமும் போகட்டும்.

வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிக்கத் தெரிந்த நாம், முன்னோர் பெயர்களுக்கு வாரிசு நியமிப்பதில்லை. நாம் மட்டும் அறிந்த செய்தி நம்மோடு போய்விடும். ஆதலால் பெரியோர்கள் இதைச் செய்யலாம். பாட்டன், பூட்டன் பெயர்கள், பாட்டிமார்களின் பிறந்த ஊர், மறைந்த மாதமும் திதியும், குலதெய்வத்தின் பெயரும் அங்கே செல்லும் வழியும், வெளியூர் போன கிளைகளின் விவரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, படி எடுத்து, அயல்நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம். பழைய புகைப்படங்களின் பின்புறம் யார், எந்த ஆண்டு என்று எழுதலாம். அங்கே போகும்போது அந்த வீட்டு முதியவர்களை அருகில் அமர வைத்து, அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பயணம் செய்ய இயலாதவர்கள் ஒரு குற்றாலச் சொம்பு போல, நோட்டையாவது அனுப்பி வைக்கலாம்.

ஆசிரியரின் நோட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. சித்தப்பாவின் பெயருக்கு எதிரே, திதி என்ற கட்டத்தில், 'ஆடி அமாவாசை' என்று ஈப்போப் பேத்தி தமிழ்ப்பள்ளியில் பழகிய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அதன் படி ஒன்று ஈப்போவில் இருக்கிறது.